இன்ஜினுக்குக் கீழே ஒரு மரக்கட்டை வைக்க என்னய்யா கேடு?

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த பதிவு இது. கோபம் ஆறட்டும், அப்புறம் நிதானமாக எழுதலாம் என்று இருந்தேன். ஆறுகிற மாதிரி தெரியவில்லை. சரி, கோபத்தோடேயே எழுதிவிடுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமை இல்லாதவர்கள் கடைசியில் இருக்கிற ஐந்து கேள்விகளை மட்டுமாவது படித்துவிட்டுப் போங்கள்.

நான் இருப்பது புனேயில், பிம்ப்ரி-சிஞ்ச்வட் பக்கம். ஊரே வண்டித் தொழிலில் ஓடுகிற ஊர். பிம்ப்ரியில் டாடா மோட்டார்ஸ், ஆகுர்டியில் பஜாஜ், சாக்கன் பக்கம் போனால் வரிசையாகக் கம்பெனிகள். இந்தியாவில் ஓடும் வண்டிகளைச் சோதித்துச் சான்று கொடுக்கிற ஏ.ஆர்.ஏ.ஐ. 1966-லிருந்து இந்த ஊரில்தான் இருக்கிறது. என் பிழைப்பும் அதே வட்டாரம்தான், கார் உதிரிபாகம் டிசைன் செய்கிற ஆபீஸ். ஷாப் ஃப்ளோருக்குள் கால் வைத்தால் இரும்பு முனை வைத்த ஷூ, தலையில் ஹெல்மெட், கண்ணுக்குக் கண்ணாடி. மஞ்சள் கோட்டைத் தாண்டி அரை அடி வைத்தாலும் செக்யூரிட்டி ஓடி வந்துவிடுவார். வாரா வாரம் சேஃப்டி மீட்டிங். நானே பத்து தடவை மைக் பிடித்துப் பேசியிருக்கிறேன்.

அந்த மஞ்சள் கோட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி எங்கள் தெருமுனையில் ஒரு பட்டறை இருக்கிறது. நான்கு வருடமாக என் காருக்கு அங்கேதான் வைத்தியம். அங்கே மஞ்சள் கோடு கிடையாது. சேஃப்டி மீட்டிங்கில் மைக் பிடித்த ஆளும் அங்கே கிடையாது. அங்கே நான் வெறும் கஸ்டமர். "அண்ணா, பைட்டோ" என்று மிஸ்திரி ஸ்டூல் போடுவார், நான் உட்கார்ந்து டீ குடிப்பேன். (இந்தப் பக்கத்தில் தமிழனோ தெலுங்கனோ, எல்லாரும் அண்ணாதான்.)

2024 மே மாதம் ஒரு சனிக்கிழமை. மறுநாள் விடியற்காலை குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்ப வேண்டும். கோலாப்பூர், பெளகாவி, ஹூப்ளி, பெங்களூர், கிருஷ்ணகிரி, சேலம் என்று காரிலேயே போவது எங்கள் வருடாந்திர வழக்கம். பெங்களூர் வரைக்குமே 840 கிலோமீட்டர். வண்டி 2013 மாடல் ஸ்விஃப்ட் டீசல். ஒரு மாதமாகவே சிக்னலில் நின்றால் ஸ்டியரிங் நடுங்கும். கிளட்சை விட்டால் முன்பக்கம் "டொக்" என்று ஒரு சத்தம். "என்னங்க, சீட்டு தானா மசாஜ் பண்ணுது" என்று வீட்டுக்காரம்மா கிண்டல் செய்தார். நானும் இன்றைக்கு நாளைக்கு என்று கடத்தி, கடைசி நாள் மத்தியானம் கொண்டு போய் நிறுத்தினேன். இந்த "கடைசி நாள் மத்தியானம்" என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவேன்.

மிஸ்திரி கெட்டிக்காரர். பானெட்டைத் திறந்தார், என்னை உள்ளே உட்காரச் சொல்லி, ஹேண்ட்பிரேக் போட்டு, முதல் கியரில் லேசாகக் கிளட்சை விடச் சொன்னார். இன்ஜின் மாட்டுவண்டிக் காளை மாதிரி ஒரு பக்கம் தூக்கிப் போட்டது. "ஃபவுண்டேஷன் கயா, அண்ணா" என்றார். நாம் மவுண்டிங் என்று சொல்வதைத்தான் இங்கே ஃபவுண்டேஷன் என்கிறார்கள். வலது பக்கம் ஒன்று போய்விட்டது, கீழே இருக்கிற டார்க் ராடும் போய்விட்டது, இரண்டையும் மாற்றிவிடலாம் என்றார். "நாலு மணிக்குள் முடியுமா? பெட்டி கட்டணும்" என்றேன். "பந்த்ரா மினிட் கா காம்" என்றார். எனக்கும் ரொம்பச் சந்தோஷம்.

அடுத்து நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். காரோடு வந்த ஜாக்கியை வைத்து முன்பக்கத்தைத் தூக்கினார்கள். ஓரத்தில் இரண்டு செங்கல். ஆயில் சேம்பருக்கு அடியில் ஒரு பாட்டில் ஜாக்கி. அதன் தலை ஒரு டீ கிளாஸ் வாய் அளவுதான் இருக்கும், நேராக இரும்பில் இரும்பு. பட்டறைப் பையன் கீழே படுத்து டார்க் ராடின் போல்ட்டைக் கழற்ற, மிஸ்திரி மேலிருந்து வலது பக்க மவுண்டைக் கழற்றினார். நேரம் மிச்சம் பிடிக்க ரெண்டு வேலையும் ஒன்றாக. கீழ் போல்ட் வெளியே வந்ததும் இன்ஜின் முன்னும் பின்னுமாக ஒரு ஆட்டம் ஆடியது. ஜாக்கியின் தலை வழுக்கியது. வலது பக்கம் மூன்று நான்கு அங்குலம் கீழே வந்தது. அவ்வளவுதான். பெரிய சத்தம் கூட இல்லை.

பையனின் இடது கை இன்ஜினுக்கும் கீழே இருக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருந்தது.

இரண்டு விரல். ஒன்றை முதல் கணுவோடு எடுத்துவிட்டார்கள். இன்னொன்று வளைவதில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு ஃபாரத்தை என் கையில் கொடுத்து நோயாளி பெயர் எழுதச் சொன்னார்கள். பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான்கு வருடமாக என் கார் டயரைக் கழற்றி மாட்டிய பையன். எனக்கு அவன் பெயர் தெரியாது. தெருவில் எல்லாருக்கும் "சோட்டு". நானும் "ஏய் சோட்டு, டீ சொல்லுப்பா" என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். வயது என்ன என்று கேட்டார்கள். மிஸ்திரி பதினெட்டு என்றார். எனக்கும் பத்தாவது படிக்கிற மகன் இருக்கிறான். அவனைவிட ஒரு நாள் கூடப் பெரியவனாகத் தெரியவில்லை.

இனி என் சண்டைக்கு வருகிறேன்.

"விதி", "நசீப்", "அவன் ஜாக்கிரதையாக இருந்திருக்கணும்". மூன்றையும் அன்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கேட்டேன். மூன்றும் பொய். ஏன் பொய் என்று தெரிய வேண்டுமானால் இன்ஜின் காருக்குள் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும்.

நம்மில் பெரும்பாலோர் வைத்திருக்கும் சின்னக் கார்களில் இன்ஜின் குறுக்கு வாட்டில் இருக்கும். வலது பக்கம் ஒரு மவுண்ட், இடது பக்கம் கியர்பாக்ஸ் மேல் ஒரு மவுண்ட். பாரத்தைச் சுமப்பது இந்த இரண்டும்தான். மூன்றாவதாகக் கீழே இருக்கிற டார்க் ராட் பாரம் சுமக்காது. இன்ஜின் முன்னும் பின்னும் ஆடாமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. எல்லாவற்றிலும் நடுவே ரப்பர். சிலவற்றில் ரப்பருக்குள்ளே எண்ணெய் மாதிரி திரவமும் உண்டு. வருடக் கணக்கில் சூட்டிலும் ஆட்டத்திலும் ரப்பர் வெடிக்கும், திரவம் கசியும், நடுக்கம் வண்டிக்குள் வரும். அதோடு விட்டுவிட்டால் சைலன்சர் பைப், ஹோஸ், கியர் கேபிள், ஆக்ஸில் என்று ஒவ்வொன்றாக அடி வாங்கும். அதனால் மாற்றித்தான் ஆகவேண்டும்.

மாற்றும்போது மவுண்ட் சுமந்த பாரத்தை வேறு ஏதாவது சுமக்க வேண்டும். இந்த 1,248 சிசி டீசல் இன்ஜின் மட்டும் 130 கிலோ அளவு. கியர்பாக்ஸ் சேர்ந்தால் அதற்கும் மேல். நன்றாக வளர்ந்த இரண்டு ஆட்கள் உங்கள் கை மேல் ஏறி நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பாரம் தாங்கும் மவுண்டையும் ஆட்டத்தைப் பிடிக்கும் ராடையும் ஒரே நேரத்தில் கழற்றிவிட்டு, முழு நம்பிக்கையையும் டீ கிளாஸ் அகலமுள்ள இரும்புத் தலை மேல் வைத்தால் என்ன ஆகும்? என்ன ஆகுமோ அதுதான் ஆனது. விதியை ஏன் இழுக்கிறீர்கள்?

சரியாகச் செய்வது ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். சமமான கெட்டித் தரையில் காரை நிறுத்த வேண்டும். ஹேண்ட்பிரேக், கியர், பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. பேட்டரி நெகட்டிவைக் கழற்ற வேண்டும். கீழே ஆள் போகவேண்டியிருந்தால், கம்பெனி குறித்துக் கொடுத்த இடத்தில் தூக்கி, ஜாக்கி ஸ்டாண்ட் இரண்டின் மேல் காரை இறக்கி, ஒரு தடவை கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். அசைந்தால் மறுபடி முதலில் இருந்து. ஸ்டாண்ட் இல்லாமல் யாரும் கீழே போகக் கூடாது. ஜாக்கி என்பது தூக்கத்தான், தாங்க அல்ல. ஹைட்ராலிக் ஜாக்கிக்குள்ளே மொத்தப் பாரத்தையும் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு ரப்பர் சீல். அந்த சீல் கசிந்தால் ஜாக்கி இறங்கும், அவ்வளவுதான். காரோடு வருகிற ஜாக்கியோ டயர் மாற்ற மட்டும். அதை வைத்துத் தூக்கிய காருக்குக் கீழே போகாதே என்று காரோடு தருகிற கையேட்டிலேயே போட்டிருக்கும்.

செங்கல்லைப் பற்றிக் கேட்காதீர்கள். "செங்கல்லை நம்பித்தானே வீடே கட்டுறோம்" என்று ஒரு நண்பர் கேட்டார். வீட்டில் சுமை பரவலாக இறங்குகிறது ஐயா. காரின் ஓரத்து மடிப்பு கத்தி மாதிரி ஒரே கோட்டில் இறங்கும். செங்கல் முன்கூட்டிச் சொல்லாமல் பிளக்கும். மரம் அப்படியில்லை. நசுங்கும், முனகும், விலகிக்கொள்ள உங்களுக்கு நேரம் கொடுக்கும்.

இனி இன்ஜின். மேலிருந்து தாங்குவதுதான் நல்லது. இரண்டு பக்கமும் பானெட் ஓரத்து இரும்பில் உட்காரும் குறுக்குக் கம்பி ஒன்று கிடைக்கிறது, அதிலிருந்து சங்கிலியை இன்ஜினில் இருக்கும் தூக்கும் கொக்கியில் மாட்டினால் கீழே ஜாக்கியே வேண்டாம். அது இல்லையா, ட்ரோலி ஜாக்கிக்கும் ஆயில் சேம்பருக்கும் நடுவே சேம்பரின் அகலத்துக்கு ஒரு தடித்த மரக்கட்டை. பாரம் பரவும், வழுக்காது. கட்டை இல்லாமல் தூக்கினால் தகடு சேம்பர் உள்ளே ஒடுங்கும், அலுமினியம் என்றால் விரிசல் விடும். ஆயிலை உறிஞ்சும் வடிகட்டி சேம்பரின் அடித்தளத்துக்கு மிக அருகில்தான் இருக்கிறது. தகடு ஒடுங்கினால் அதன் வாயை அடைக்கும், ஆயில் மேலே ஏறாது, பேரிங்கும் டர்போவும் காலி. ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்த புண்ணியவான் பிறகு இன்ஜினையே இறக்க வேண்டியதுதான்.

தூக்குவதும் அங்குலக் கணக்கில் இல்லை. மவுண்ட் மேல் பாரம் விலகும் வரை, சில மில்லிமீட்டர். தூக்கும்போது ஒருவர் ஹோஸையும் வயரையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே மவுண்ட். அதை மாட்டி, போல்ட்டைக் கையால் நாலு சுற்று ஏற்றிய பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும். இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே கையை விடக் கூடாது. எல்லாம் மாட்டி, ஜாக்கியை இறக்கி, பாரம் உட்கார்ந்த பிறகு கடைசி இறுக்கு. இதற்கு எவ்வளவு கூடுதல் நேரம்? நான் பிறகு கடிகாரம் வைத்துப் பார்த்தேன். முக்கால் மணி. அந்தப் பையனின் விரல்களுக்கு நாங்கள் வைத்த விலை முக்கால் மணி நேரம்.

இப்போது எதிர்க்கட்சி வாதங்களுக்கு வருவோம். எல்லாம் நான் நேரில் கேட்டவைதான்.

"முப்பது வருஷமா இப்படித்தான் பண்றாங்க, ஒண்ணும் ஆகலை." ஒன்றும் ஆகாதவர்கள் மட்டும்தான் இன்னும் பட்டறையில் இருக்கிறார்கள் சார். ஆனவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். நீங்கள் யாரைக் கேட்டு இந்தக் கணக்கைப் போட்டீர்கள்? தெருவோரத்தில் மூன்று பேர் வேலை செய்யும் பட்டறையில் விரல் போனால் அதை எழுதி வைக்க அங்கே ஒரு நோட்டுக் கூடக் கிடையாது.

"இதுதாங்க ஜுகாட், நம்ம நாட்டு மூளை." இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. மேனேஜ்மென்ட் ஆட்கள் ஜுகாடைப் பற்றிப் புத்தகம் போட்டு விற்கிறார்கள். கையில் இருப்பதை வைத்து ஒன்றைச் செய்து முடிப்பது மூளைதான், நான் மறுக்கவில்லை. ஊரில் என் அப்பா உடைந்த குடைக் கம்பியில் ஆன்டெனா செய்தவர். ஆன்டெனா விழுந்தால் ஒளியும் ஒலியும் தெரியாது. இன்ஜின் விழுந்தால்? ஜுகாடுக்கு ஆபத்து யாருக்கு, லாபம் யாருக்கு என்று பாருங்கள். லாபம் எனக்கு, கீழே படுத்தது அவன். அப்படி இருந்தால் அது ஜுகாட் இல்லை, அடுத்தவன் கையில் நான் விளையாடிய சூதாட்டம்.

"ஆத்தரைஸ்டு சர்வீஸுக்குப் போனா கொள்ளை அடிக்கிறான்." அடிக்கிறார்கள், சில இடத்தில். எனக்கும் அனுபவம் உண்டு. ஆனால் அந்த பில்லில் ஒரு பங்கு, காரை ஆள் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தும் லிஃப்ட்டுக்கு. அதற்குக் காசு கொடுக்க மனமில்லாமல்தான் நாம் தெருமுனைக்கு வருகிறோம். வரட்டும், தப்பில்லை. லிஃப்ட் காசை மிச்சம் பிடித்தவர் ஸ்டாண்ட் காசையாவது கொடுக்கலாமே! ஒரு ஜோடி ஜாக்கி ஸ்டாண்ட் நான் வாங்கியது இரண்டாயிரம் ரூபாய்க்குள். மரக்கட்டை மரக்கடையில் மிச்சத் துண்டு, நூறு ரூபாய் கூட இல்லை. மாலுக்குப் போய் நான்கு பேர் ஒரு சினிமா பார்த்தால் பாப்கார்னோடு இதைவிட அதிகம் ஆகிறது.

"நாம வேலை கொடுக்கலைன்னா அந்தப் பையன் பட்டினி கிடப்பான்." இதுதான் எல்லாவற்றிலும் மோசமான வாதம், ஏனென்றால் இது தர்மம் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது. சின்னப் பையன்களை ஆட்டோமொபைல் பட்டறையில் வைக்கக் கூடாது என்று 1986 சட்டத்தின் தடைப் பட்டியலிலேயே இருந்தது. 2016 திருத்தம் வந்த பிறகு, சொந்தக் குடும்பத் தொழில் மாதிரி சில விலக்குகளைத் தவிர 14 வயதுக்குக் கீழே எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது, 14-லிருந்து 18 வரை ஆபத்தான வேலைக்கு வைக்கக் கூடாது. எது ஆபத்தான வேலை என்று வக்கீல்கள் பட்டியலில் தேடிக்கொண்டிருக்கட்டும். ஒரு டன் காரைச் செங்கல்லில் நிறுத்திக் கீழே படுப்பது ஆபத்தா இல்லையா என்று எனக்கு வக்கீல் வந்து சொல்ல வேண்டாம். வேலை கொடுங்கள், கற்றுக் கொடுங்கள், மேசையில் ஸ்பேனர் பிடிக்கச் சொல்லுங்கள். கீழே படுக்க வைக்காதீர்கள்.

மிஸ்திரியை வில்லனாக்க இந்தப் பதிவை எழுதவில்லை. அவரும் இப்படிப் பத்து வயதில் யாரோ ஒருவரின் "சோட்டு"வாக வந்தவர்தான். ஆஸ்பத்திரிச் செலவில் பாதி அவர் கொடுத்தார், பாதி நான். அவர் பாதிக்கு வட்டிக்கு வாங்கியது பிறகு தெரிந்தது. என் பாதிக்கு நான் கார்டைத் தேய்த்தேன்.

அந்த விபத்துக்குப் பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? ஸ்டாண்ட் ஒரு ஜோடியும் கட்டையும் வாங்கிப் பட்டறையிலேயே கொடுத்துவிட்டு, பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்து வந்தேன். மூன்று மாதம் கழித்துப் போனால் ஒரு ஸ்டாண்ட் மேல் டீ கிளாஸ் ட்ரே. இன்னொன்றில் ஈரத் துணி காய்கிறது. வேறொருவர் கார் அதே செங்கல் மேல். அதே பையன் ஊருக்குப் போய்த் திரும்பி வந்து, மூன்று விரலால் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கோபமாகக் கேட்டேன். மிஸ்திரி கோபப்படவில்லை. "அண்ணா, கஸ்டமர் நிக்கிறார். சீக்கிரம்னு சொல்றார். ஸ்டாண்ட் வைக்கிற நேரத்துக்கு யார் காசு கொடுப்பா?" என்று ஹிந்தியில் கேட்டுவிட்டு, ஓரத்தைக் காட்டினார். என் ஸ்டூல். அதில் இன்னொரு "அண்ணா" உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு போனில் தமிழில் பேசிக்கொண்டிருந்தார், "இதோ அரை மணியில வந்துடறேன்."

அன்றைக்குத்தான் உறைத்தது. பட்டறையில் இல்லாதது ஸ்டாண்டும் கட்டையும் இல்லை. காத்திருக்கத் தயாரான கஸ்டமர்தான் இல்லை. நாலு மணிக்குள் வேண்டும் என்று சொன்னது நான். கடைசி நாள் மத்தியானம் கொண்டு போனது நான். ஒரு மாதம் நடுங்கிய ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்ததும் நான். குனிந்து கீழே என்ன இருக்கிறது என்று பார்க்காததும் நான், தொழிலே வண்டித் தொழிலாக வைத்திருக்கிற நான்! மிஸ்திரிக்குத் தெரியாது என்று சொல்லலாம். எனக்கு எல்லாம் தெரியும்.

நம் கூட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பொங்கல் விழாவில் சாப்பாட்டு வரிசையில் நின்றால் காதில் விழுவது என்ன? "நீங்க எவ்வளவு கொடுத்தீங்க? நான் எண்ணூறுல முடிச்சேன்." "நம்ம ஆளு பதினஞ்சு நிமிஷத்துல தட்டிக் கொடுத்துட்டான்." குறைந்த விலையும் குறைந்த நேரமும் நமக்குப் பெருமை. ஊரில் இருந்தால் பக்கத்துத் தெரு மெக்கானிக் மகன் யார், எந்தப் பள்ளிக்கூடம், அவன் அம்மா யார் என்று தெரிந்திருக்கும். அவன் கீழே படுத்தால் "டேய், பார்த்துடா" என்று வாய் தானாக வரும். இங்கே பிழைக்க வந்த இடத்தில் நமக்கு அவன் பெயர் கூட வேண்டாம். அவனும் பிழைக்க வந்தவன்தான், லாத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து. இரண்டு பேரும் வெளியூர்க்காரர்கள். நான் ஸ்டூலில், அவன் காருக்கு அடியில்.

இன்னொரு கோஷ்டி உண்டு. அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ஞாயிற்றுக்கிழமை வீடியோ பார்த்துத் தானே மவுண்ட் மாற்றும் வீரர்கள். சொந்தக் கை, சொந்தக் கார் என்பதால் இவர்கள் மேல் எனக்கு மரியாதைதான். ஆனால் வேடிக்கை பார்க்கப் பிள்ளைகள் வந்து பக்கத்தில் உட்காருகிறார்களே, அவர்களுக்காகவாவது ஸ்டாண்ட் வாங்குங்கள். பார்க்கிங்கில் டைல்ஸ் இருந்தால், சாய்வு இருந்தால், அங்கே தூக்கவே தூக்காதீர்கள்.

சரி, முதலில் சொன்ன ஐந்து கேள்விகள். அடுத்த தடவை பட்டறையில் ஸ்டூல் போட்டால் உட்காரும் முன் கேளுங்கள்.

1. தரை சமமா, கெட்டியா? பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்தாயிற்றா?

2. கார் எதன் மேல் நிற்கிறது, ஸ்டாண்ட் மேலா, ஜாக்கி மேலா, செங்கல் மேலா?

3. இன்ஜினைத் தாங்குவது எது? மேலிருந்து சங்கிலியா, கீழே கட்டை வைத்த ஜாக்கியா?

4. ஒரு நேரத்தில் ஒரு மவுண்ட்தானே?

5. கீழே படுக்கப் போவது யார்? அவர் பெயர் என்ன, வயது என்ன?

கேட்டுவிட்டு இன்னொன்றும் சொல்லுங்கள்: "அவசரம் இல்லை, நாளைக்கு வாங்கிக்கிறேன். ஸ்டாண்ட் வைக்கிற நேரத்துக்கும் சேர்த்துப் போட்டுக்கோங்க." மிஸ்திரி உங்களை வினோதமாகப் பார்ப்பார். என்னையும் பார்த்தார். இப்போது நான் போனால் டீ ட்ரேயை இறக்கி வைத்துவிட்டு ஸ்டாண்டை எடுக்கிறார். மற்றவர்கள் வந்தால் எடுக்கிறாரா என்றால், இல்லை. நான் ஒருவன் கேட்டால் என் காருக்கு மட்டும்தான் நடக்கும். அதனால்தான் உங்களிடம் வருகிறேன். இந்தத் தெருவில் மட்டும் நம் குடும்பங்கள் பதினோரு வீடு. பதினோரு பேரும் கேட்டால் அந்த ட்ரேக்கு வேறு இடம் பார்த்தே ஆகவேண்டும்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று என்னைத் திட்டலாம். திட்டுங்கள், தகுதியான ஆள்தான். ஆனால் திட்டிவிட்டு, இந்த சனிக்கிழமை வண்டி விடும்போது ஒரு தடவை குனிந்து பாருங்கள்.

பி.கு.: ஊர்ப் பயணம் என்ன ஆயிற்று என்று ஒரு உறவினர் போனில் கேட்டார். ரயிலில் போனோம். அம்மாவிடம் கார் ரிப்பேர் என்று மட்டும் சொன்னேன். "காருக்குத்தானே, போனா போகட்டும், உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே" என்றார். பதில் சொல்ல வரவில்லை.